முதுகில் இருந்த எட்டுக் காயங்கள்

இந்த வாரம் பேனையை எடுக்கவே கை கூசுகிறது. இதுவரை இந்தத் தொடரில் எழுதியது என் சொந்தக் கதை. கோப்பாயிலிருந்து சைக்கிளில் ஆசுபத்திரிக்குச் சிற்றூழியனாகப் போன கதை. அதில் பிழை இருந்தால் என்னோடு போகும். ஒரு டொக்டரைப் பற்றி, அதுவும் பிள்ளைகளின் புற்றுநோயும் இரத்த வருத்தங்களும் பார்க்கிற டொக்டரைப் பற்றி, சாதாரண தரத்தோடு படிப்பை விட்ட ஒருவன் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். வைத்தியம் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதுகிறேன்.

டொக்டரிடம் அனுமதி கேட்டேன்.

"என்ரை பேரைப் போடாதேங்கோ அண்ணை. பிள்ளையின்ரை பேரையும் மாத்துங்கோ. மிச்சத்தை நடந்தபடி எழுதுங்கோ. என்னை நல்லவளாக்க வேண்டாம்," என்றார்.

அப்படியே செய்கிறேன்.

வாசித்துக் கேட்ட கேள்வி

காலை எட்டரை மணி இருக்கும். இரத்த வங்கியில் ஒரு கதிரையில் இருக்கிறேன். ஸ்பிரிட் மணம். மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் டக் என்று அடிக்கிறது. மேசையில் இரத்தம் கொடுப்பவர்கள் நிரப்பும் படிவம்.

அந்தப் படிவத்தை நான் பலமுறை நிரப்பியவன். கேள்விகளை வாசிப்பதில்லை. மேலிருந்து கீழே இல்லை, இல்லை என்று அடையாளம் போட்டுக்கொண்டு போய்க் கையெழுத்து வைத்துவிடுவேன். அநேகம் பேர் அப்படித்தான்.

அன்று மேசையில் இருந்தவர் புதிதாக மாற்றலாகி வந்த மருத்துவ அலுவலர். தடித்த கண்ணாடி போட்டவர். படிவத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நான் வாசிக்கிறன். நீங்கள் சொல்லுங்கோ. கடைசியா எப்ப குடுத்தனீங்கள்?"

"நாலு மாசத்துக்கு மேலை."

"கிட்டடியிலை காய்ச்சல்?"

"இல்லை."

"பல்லுப் பிடுங்கினனீங்களோ?"

"இல்லை."

"இந்த ஒரு வருசத்துக்குள்ளை பச்சை குத்தினது, காது மூக்குக் குத்தினது, உடம்பிலை வேறை எங்கையாவது துளை போட்டது?"

"இல்லை," என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் கேள்வி எனக்குள் போனது. என் சேர்ட்டுக்குள்ளே முதுகில் எட்டுக் காயங்கள் இருந்தன. கோயில் காவடிக்காகக் கொளுக்கி முள் ஏற்றிச் செடில் குத்திய காயங்கள். மூன்று கிழமை ஆகியிருந்தது. பொருக்கு விழுந்த இடங்கள் இன்னும் கடித்துக்கொண்டிருந்தன.

அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நான் எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன்.

தர்சிகா

நான் அங்கே போனது தர்சிகாவுக்காக. அவளுக்கு அப்போது ஏழு வயது. காங்கேசன்துறைக் கரையில் தொழில் செய்கிற குடும்பம். அவளுக்குத் தலசீமியா. உடம்பு தானாக நல்ல இரத்தம் செய்யாது. மாதத்துக்கு ஒருமுறை வேறு ஆளின் இரத்தம் ஏற்ற வேண்டும்.

ஏற்றி ஏற்றி இன்னொரு கரைச்சல் வந்திருந்தது. அவளுடைய உடம்பு பிறத்தியார் இரத்தத்தை எதிர்க்கத் தொடங்கிவிட்டது. இரத்த வகை ஒன்றாக இருந்தாலும், குழாயில் கலந்து பார்க்கும்போது பொருந்தாமல் போகும். பொருந்தாததை ஏற்றினால் உள்ளே போன இரத்தத்தை உடம்பே அழிக்கும். பிள்ளையையும் சேர்த்துக் கொண்டுபோகலாம்.

டொக்டரிடம் ஒரு பள்ளிக்கூடக் கொப்பி இருந்தது. எந்தப் பிள்ளைக்கு யாருடைய இரத்தம் பொருந்தும் என்று அதில் எழுதி வைத்திருந்தார். தர்சிகாவின் பக்கத்தில் நான்கு பெயர்கள். ஒருவர் கனடா போய்விட்டார். ஒருவருக்கு இருதய வருத்தம் வந்துவிட்டது. மிச்சம் இரண்டு. ஒன்று நான். மற்றவர் குருநகரில் கடல்தொழில் செய்யும் அன்ரன். எங்கள் முறை வராத மாதங்களில் வங்கிப் பைகளுக்குள் தேடித் தேடி ஒன்றைப் பொருத்துவார்கள்.

அந்தக் கிழமை அவளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். இரத்தம் மூன்றுக்கு இறங்கிவிட்டது. பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று. உதடு கடதாசி போல வெளுத்திருந்தது. மூச்சு விடும்போது மூக்கின் இரண்டு பக்கமும் விரிந்து விரிந்து சுருங்கியது. முந்தின நாள் பின்னேரம் தொடக்கம் வங்கியில் இருந்த பைகளை ஒவ்வொன்றாகக் கலந்து பார்த்தார்கள். ஒன்றும் பொருந்தவில்லை.

"அண்ணை, உங்கடை முறைதான். கெதியாய்ப் போட்டு வாங்கோ," என்று டொக்டர் என்னை அனுப்பியிருந்தார்.

திரைக்குப் பின்னால் நான்கு கட்டில்

டொக்டரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். என்னிலும் ஆறு வயது இளையவர். நெல்லியடிக்காரி. தகப்பன் சந்தைக்குப் பக்கத்தில் சைக்கிள் திருத்தியவர்.

அவர் வரமுன் இந்த வருத்தங்களுக்கு எங்கள் ஆசுபத்திரியில் தனி வாட்டு இல்லை. சந்தேகம் என்றால் துண்டு எழுதிக் கொழும்புக்கு அனுப்பிவிடுவார்கள். தாய் ஒரு பையையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவாள். பாஷை தெரியாது, தங்க இடம் தெரியாது. தகப்பன் தொழிலை விட்டுவிட்டு எத்தனை நாள் அங்கே நிற்பது? பாதி வைத்தியத்தோடு திரும்பிவந்த பிள்ளைகளை நான் தள்ளுவண்டியில் கொண்டுபோயிருக்கிறேன். எங்கே என்று எழுத விருப்பமில்லை.

டொக்டர் மேற்படிப்புக்கு வெளிநாடு போனபோது, இனி வரமாட்டார் என்று நேர்ஸ்மார் பந்தயம் பிடித்தார்கள். நானும் மனதுக்குள் அந்தப் பக்கம்தான். இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினார். ஒன்றில் உடுப்பு. மற்றது நிறைய மெல்லிய ஊசிகள், சின்னப் பிள்ளைகளின் நரம்புக்கு ஏற்றவை.

"விமான நிலையத்திலை பெட்டியைத் திறந்தவர் ஊசியைப் பாக்கிறார், என்னைப் பாக்கிறார். நான் கடத்தல்காரி எண்டே முடிவு கட்டிப்போட்டார்," என்று சொல்லிச் சிரித்தார்.

குழந்தைகள் வாட்டின் கோடியில் நான்கு கட்டில்களைத் திரை போட்டுப் பிரித்துக் கொடுத்தார்கள். கம்பி கட்டித் திரை மாட்டியது நான். அவருடைய வேலை அந்த நாலு கட்டிலில் தொடங்கியது. தனி வாட்டு கிடைக்கப் பல வருடம் சென்றது. அதற்காக அவர் எழுதிய கடிதங்களை ஒவ்வொரு அரசாங்கக் கந்தோராகக் கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்தான்.

ஏசுவார். கை கழுவாமல் பிள்ளையைத் தொட்டால் பெரிய டொக்டர், சின்ன டொக்டர் என்று பார்க்கமாட்டார். நானும் வாங்கியிருக்கிறேன். ஒருமுறை முதுகுத்தண்டில் ஊசி போட இருந்த ஒரு பொடியனிடம், "எறும்பு கடிக்கிற மாதிரித்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டேன்.  ஊசி முடிந்த பிறகு டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டார்.

"எந்த ஊர் எறும்பு அண்ணை அது?"

பொடியன் உள்ளே இன்னும் அழுதுகொண்டிருந்தான்.

"அடுத்த முறை அவன் உங்களையும் நம்பான், என்னையும் நம்பான். நோகும் எண்டு சொல்லுங்கோ. எவ்வளவு நேரம் நோகும் எண்டும் சொல்லுங்கோ. காணும்."

அன்றிலிருந்து அந்த வாட்டில் யாரும் பிள்ளைகளுக்கு எறும்புக் கதை சொல்வதில்லை.

பிள்ளை இறந்துபோனால் டொக்டர் வீட்டுக்குப் போவார். சைவ வீடென்றால் சாவின் எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கு, வேதக்கார வீடென்றால் முப்பத்தோராம் நாள் பூசைக்கு. கடைசி வரிசையில் ஒரு கதிரையில் இருந்துவிட்டு வருவார். ஒருமுறை குருநகரில் ஒரு பூசைக்கு நானும் கூடப் போனேன். ஐந்து வயது மகனைப் பறிகொடுத்த தகப்பன் எங்களை நோக்கி எழும்பி வந்தார். ஏசப்போகிறார் என்று பயந்துபோனேன்.

"டொக்டர், என்ரை இரத்தம் ஆருக்கும் உதவுமோ?" என்று கேட்டார்.

அவர்தான் அன்ரன். அதற்குப் பிறகு கொடுத்துக்கொண்டேயிருந்தார். இரத்த வங்கிக்கு வருவார், கொடுப்பார், போவார். வாட்டுப் பக்கம் மட்டும் கால் வைக்கமாட்டார்.

வாளியும் கையுமாக வைத்த நேர்த்தி

செடில் கதைக்கு வருகிறேன்.

அதே வருடம் மாசி மாதம் தர்சிகா ஒருமுறை சாவின் வாசல் வரை போய் வந்தாள். இரத்தத்தில் கிருமி பரவிவிட்டது. டொக்டர் இரண்டு நாள் வீட்டுக்குப் போகவில்லை. நேர்ஸ்மாருக்கு ஆளுக்கொரு வேலை இருந்தது. தாய் சுகந்திக்குப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் வேலையாவது இருந்தது. எனக்குத் தரையைத் துடைப்பது மட்டும். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தேன். கட்டிலுக்குக் கீழே துணியைப் பிழியும்போது, "தாயே, இந்தப் பிள்ளையை விட்டுவிடு, செடில் குத்திக் காவடி எடுக்கிறேன்," என்று எங்கள் ஊர் அம்மனுக்கு நேர்ந்துவிட்டேன்.

பிள்ளை எழும்பினாள். எனக்கு நாற்பத்தெட்டு வயது. அதற்கு முன் ஒரு பாற்காவடிகூட எடுத்ததில்லை. நாலு பேர் பார்க்க நடுவீதியில் ஆடச் சொன்னால் பின்வீதியால் வீட்டுக்குப் போய்விடுகிற ஆள் நான். ஆனால் நேர்ந்தது நேர்ந்ததுதான்.

திருவிழாவன்று எங்களை வரிசையாக முழந்தாளில் இருத்தினார்கள். செடில் குத்துபவர் ஒரு தகரப் பெட்டியில் கொளுக்கி முள்ளுகளை வைத்திருந்தார். ஒருவர் ஆடி முடித்து வந்ததும் கழற்றி, தேசிக்காய் வெட்டிப் பிழிந்த புளியில் தோய்த்து, திருநீறு போட்டுத் துடைத்து அடுத்தவருக்குக் குத்தினார். எனக்கு எட்டு முள். பறை அடித்தது. முள்ளுகளில் கட்டிய கயிற்றைப் பின்னால் பிடித்தவர் இழுக்க இழுக்க நான் ஆடினேனாம். எனக்கு நினைவில்லை.

வாட்டில் யாருக்கும் சொல்லவில்லை. "வீட்டிலை ஒரு அலுவல்," என்று இரண்டு நாள் லீவு எடுத்தேன். நேர்த்தியைத் தம்பட்டம் அடிக்கக்கூடாது என்று மனைவிக்குச் சொன்னேன். உண்மையில் கூச்சம்தான்.

உறை கிழிந்த சத்தம்

இரத்த வங்கியில் என்னைக் கட்டிலில் படுக்கச் சொன்னார்கள். முதுகு படுகிறபோது காயங்கள் நொந்தன. நேர்ஸ் என் கையில் பட்டியைக் கட்டி, கையைப் பொத்திப் பிடிக்கச் சொன்னார். அந்நேரம் வாட்டிலிருந்து போன் வந்தது.

"ஓம், ஆள் படுத்திட்டார். எடுத்தவுடனை சோதனைக்குக் குடுக்கிறம். மத்தியானத்துக்கு முன்னம் தரலாம்," என்று நேர்ஸ் சொன்னார்.

நான் பேசாமல் இருந்தால் பிள்ளைக்கு மத்தியானம் இரத்தம் கிடைக்கும். பேசினால் கிடைக்காது. எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது. குத்தியது கோயிலில், குத்தியது அந்தப் பிள்ளைக்காக, அதில் என்ன வரப்போகிறது என்று மனம் சொன்னது. 

நேர்ஸ் என் முழங்கை மடிப்பை ஒருமுறை துடைத்தார். காயவிட்டு இன்னொருமுறை துடைத்தார். பிறகு புது ஊசியை எடுத்து என் கண்ணுக்கு முன்னால் உறையைக் கிழித்தார். அந்தச் சத்தத்தில்தான் அந்தத் தகரப் பெட்டி என் நினைவுக்கு வந்தது.

"நில்லுங்கோ மிஸ். நான் பொய் சொல்லிப்போட்டன்."

கண்ணாடி போட்ட அலுவலர் எழும்பி வந்தார். சேர்ட்டைத் தூக்கிப் பார்த்தார். பட்டியைக் கழற்றிவிட்டு, வாட்டுக்குப் போன் எடுத்தார்.

சுகந்தி கேட்டது

டொக்டர் தானே வந்தார். கொப்பி கையில் இருந்தது. பின்னால் சுகந்தியும் ஓடிவந்தாள். இரத்தம் எடுக்கவில்லை என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"எப்ப குத்தினது?" என்று டொக்டர் கேட்டார்.

"மூண்டு கிழமை."

"முள்ளு உங்களுக்கு மட்டுமோ, வேறை ஆக்களுக்கும் குத்தினதோ?"

"வரிசையிலை இருந்தனாங்கள் டொக்டர்."

"உங்களுக்கு முன்னம் எத்தினை பேர்?"

"அஞ்சாறு பேர்."

"ஆர் ஆர் எண்டு தெரியுமோ?"

"ரெண்டு பேரைத் தெரியும்."

டொக்டர் என் சேர்ட்டைத் தூக்கிக் காயங்களை எண்ணினார்.

"ஆருக்கு வைச்ச நேர்த்தி?"

நான் சேர்ட்டைக் கீழே இழுத்துவிட்டேன்.

"கேட்டது கேக்குதோ அண்ணை?"

"தர்சிகாவுக்கு."

டொக்டர் கொப்பியைத் திறந்தார், மூடினார், திரும்பத் திறந்தார். சுகந்திதான் முதலில் பேசினாள்.

"டொக்டர், சோதிச்சுத்தானே ஏத்துவியள்? அவரின்ரை இரத்தத்தைச் சோதிச்சுப்போட்டு ஏத்துங்கோ."

"சோதிக்கலாம் சுகந்தி. ஆனா கிருமி புதிசாப் போயிருந்தா, முதல் கொஞ்ச நாளுக்குச் சோதனையிலை தெரியாமலும் போகும். அதுக்குத்தான் ஒரு வருசம் எண்டு வைச்சிருக்கு."

"அம்மாளின்ரை கோயிலிலை குத்தினதிலை கிருமி வருமே? நீங்களும் சைவம்தானே?"

"அந்தக் கோயில் தேருக்கு நானும் போறனான். அம்மாளிலை எனக்கு ஒரு குறையும் இல்லை. முள்ளிலைதான்."

"பிள்ளை செத்துப்போனா?"

வேறு டொக்டராக இருந்தால், அப்படியெல்லாம் நடக்காது என்று சொல்லியிருப்பார். இவர் அப்படிச் சொல்லமாட்டார் என்பது சுகந்திக்கும் தெரியும். அதனால்தான் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு மணி வரைக்கும் பாப்பன்," என்றார் டொக்டர். "அதுக்குள்ளை பொருந்திற இரத்தம் வராட்டி, இருக்கிற பையளுக்குள்ளை ஆகக் குறைஞ்ச பிழை உள்ளதை எடுத்து, மருந்தோடை, சொட்டுச் சொட்டாய் ஏத்துவன். அது ஆபத்து. நான் பக்கத்தை விட்டு அசையமாட்டன். சும்மா பாத்துக்கொண்டிருக்கவும் மாட்டன்."

சுகந்தி என் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"அண்ணை, என்ரை பிள்ளைக்கு நேர்த்தி வைக்கச் சொல்லி ஆர் உங்களைக் கேட்டது?"

 பிறகு எனக்குச் சோதனை செய்தார்கள், பல மாதம் விட்டு இன்னொருமுறையும் செய்தார்கள். ஒரு கிருமியும் இல்லை. ஆனால் அன்று காலை அது யாருக்கும் தெரியாது.

குருநகர்த் துறையில்

அன்ரனுடைய போன் வேலை செய்யவில்லை. மனைவியின் போனுக்கு எடுத்தார் டொக்டர். ஆள் விடியமுன் கடலுக்குப் போனவர், காற்று மாறியதால் சுணங்குகிறார் என்று பதில் வந்தது.

"அண்ணை, உங்களுக்கு அன்ரனைத் தெரியும். ஓட்டோவிலை போங்கோ. வள்ளம் வந்த உடனை விஷயத்தைச் சொல்லுங்கோ. கட்டாயப்படுத்த வேண்டாம். போன முறை அவர் குடுத்து இன்னும் மூண்டு மாசமும் ஆகேல்லை. அதையும் சொல்லித்தான் கேக்கோணும்."

துறைக்குப் போய்ச் சேரும்போது ஒன்பதரை. மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஐஸ் உருகி ஓடிய தண்ணீரில் செதில்கள் மிதந்தன. ஆசுபத்திரிச் சேர்ட்டோடு ஓரமாக நின்றேன்.

"என்ன, ஆசுபத்திரியிலை இருந்து ஆள் வந்து நிக்குது. எங்கடை மீனுக்கு என்ன வருத்தம்?" என்றாள் நண்டு விற்ற ஒரு மனுசி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அன்ரன் அண்ணையைத் தேடி வந்ததாகச் சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொருமுறை சொன்னேன். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. எதற்காக அவரைத் தேடி ஆசுபத்திரியிலிருந்து ஆள் வரும் என்று அந்தக் கரைக்குத் தெரியும். மனுசி எழும்பி, தான் இருந்த பெட்டியை எனக்குத் தந்தாள். நான் இருக்கவில்லை.

பத்து மணிக்கு ஒரு வள்ளம் வந்தது. அவருடையது இல்லை. பத்தரைக்கு இரண்டு வந்தன. அவையும் இல்லை. காற்றுக்குக் கடல் நரைத்துக் கிடந்தது. பதினொரு மணியளவில் நீலமும் வெள்ளையும் பூசிய ஒரு வள்ளத்தை மனுசி கை நீட்டிக் காட்டினாள். நான் தண்ணீரில் முழங்கால் வரை இறங்கி, "அன்ரன் அண்ணை" என்று கத்தினேன். என் வாழ்நாளில் அப்படிக் கத்தியதில்லை.

"என்னடா தவம், கடலையே ஏலம் போடுறாய்?" என்று கேட்டபடி வள்ளத்தில் இருந்து குதித்தார்.

விஷயத்தைச் சொன்னேன். என் முதுகுக் கதையையும் சொன்னேன். இரண்டரை மாதம்தான் ஆகிறது, விருப்பமில்லை என்றால் வரத் தேவையில்லை என்பதையும் டொக்டர் சொல்லச் சொன்னபடி சொன்னேன்.

"ஆருக்கெண்டு மட்டும் சொல்லிப்போடாதை. சொன்னா பிறகு சுகம் விசாரிக்கோணும் போல இருக்கும்," என்றார். பிடித்த மீனை மச்சானிடம் விட்டுவிட்டு ஈரச் சாரத்தோடு ஓட்டோவில் ஏறினார்.

"அண்ணை, சீற்று நனையுது," என்றார் ஓட்டோக்காரர்.

"உப்புத் தண்ணி காய்ஞ்சா வெள்ளையா வரும். சீற்றுக்கு வடிவு. நீ விடு."

கேட்கக்கூடியதும் கேட்கக்கூடாததும்

டொக்டர் இரத்த வங்கி வாசலில் நின்றார். அன்ரனின் விரல் நுனியில் குத்தி ஒரு துளி இரத்தத்தை நீல நிறத் தண்ணீரில் விட்டார்கள். துளி நேரே அடிக்குப் போனது. இரத்தம் காணும் என்று அர்த்தம். பிரஷர் பார்த்தார்கள். கண்ணாடி போட்ட அலுவலரும் டொக்டரும் மெதுவாகக் கதைத்தார்கள்.

எனக்குள் ஒரு கேள்வி இருந்தது. அவருக்கு ஒரு விதியை விடலாம் என்றால், எனக்கு ஏன் விடமுடியாது? நான் கேட்கவில்லை. முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். டொக்டர் அன்ரனுக்குச் சொல்வதுபோல இரண்டு பேருக்கும் சொன்னார்.

"நாலு மாசம் விடோணும் எண்டது குடுக்கிற ஆளைக் காக்க வைச்ச விதி. அதை விடுறதோ எண்டு உங்களைக் கேக்கலாம் அன்ரன். உடம்பைப் பாத்து நாங்களும் சொல்லலாம். தவம் அண்ணையின்ரை விதி பிள்ளையைக் காக்க வைச்சது. பிள்ளையிட்டைக் கேக்கேலாது."

"டொக்டர், வலை காய முன்னமும் சில நாள் இறக்கிறனாங்கள்தானே. எடுங்கோ," என்று அன்ரன் கையை நீட்டினார்.

எடுத்து முடிந்ததும் ஒரு பிளேன்ரீயும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்தார்கள். எழும்பும்போது வாட்டு இருக்கும் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு மற்றப் பக்கத்தால் போய்விட்டார்.

இரண்டு மணி

எடுத்த இரத்தத்தை உடனே ஏற்ற முடியாது. சோதிக்க வேண்டும், பிள்ளையின் இரத்தத்தோடு கலந்து பார்க்க வேண்டும். போன முறை பொருந்தியது இந்த முறையும் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

ஒரு மணிக்குத் தர்சிகா கதைப்பதை நிறுத்திவிட்டாள். கண் பாதி திறந்திருந்தது. மூச்சை எண்ணி எழுதிக்கொண்டிருந்த நேர்ஸ் இரண்டுமுறை எண்ணினார். சுகந்தி பிள்ளையின் பாதத்தை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தாள். பாதம் குளிர்ந்துவிட்டது என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஒன்றரைக்கு, பொருந்தாத பைகளுக்குள் ஓரளவு பரவாயில்லை என்ற பையை டொக்டர் வரவழைத்தார். அது கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் ஒரு துவாயின் மேல் கிடந்தது. மருந்துகளையும் ஊசியில் ஏற்றி வரிசையாக வைத்தார்கள். யாரும் அந்தப் பையைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் அது அங்கே கிடக்கிறது என்று தெரியும்.

இரண்டு மணி ஆனது. டொக்டர் இரத்த வங்கிக்குப் போன் எடுத்தார். இன்னும் பதினைந்து நிமிடம் என்றார்கள்.

டொக்டர் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்தார். மேசையில் கிடந்த பையைப் பார்த்தார். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். தான் சொன்ன நேரத்தை அவர் தவறவிட்டு நான் கண்டதில்லை.

"பதினைஞ்சு," என்றார். "தவம் அண்ணை, வங்கி வாசலிலை போய் நில்லுங்கோ."

வங்கியிலிருந்து வாட்டுக்கு இரத்தப் பெட்டி தூக்குவது என் வேலை. வருடக்கணக்காகச் செய்த வேலை. அன்று அந்த வாசலில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே கண்ணாடி போட்ட அலுவலர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவரும் பார்த்தார். பிறகு கையெழுத்து வைத்தார்கள்.

"பொருந்துது. ஓடாதேங்கோ, விழுத்திப்போடுவியள்," என்றார்.

நான் ஓடவில்லை. அதுதான் அன்று நான் செய்ததிலேயே கடினமான வேலை.

முதல் சொட்டு இறங்கும்போது இரண்டரை மணி. டொக்டர் கதிரையை இழுத்துப்போட்டுப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தபடி இருந்தார். நடுக்கம் வருகிறதா, தடிப்பு வருகிறதா என்று முதல் கால் மணி நேரம் கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். கால் மணி போனது. அரை மணி போனது. ஐந்து மணிக்குத் தர்சிகா கண்ணைத் திறந்து, தாய் காலைப் பிடித்துக்கொண்டிருப்பது கூசுகிறது என்று சொன்னாள்.

டொக்டர் எழும்பிப் போய் முகம் கழுவினார்.

பார்வையாளர் வரும் நேரம் என்னைக் கூப்பிட்டார். "அண்ணை, வாட்டிலை இருக்கிற தாய் தகப்பன்மாருக்கு நடந்ததைச் சொல்லுவியளோ? நான் சொன்னா, ஏசுறா எண்டு நினைப்பினம். அல்லாட்டி சாமியைப் பழிக்கிறா எண்டுவினம்."

என்னால் முடியாது என்று சொன்னேன். அவர் வற்புறுத்தவில்லை. தன் கொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சுகந்தி தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து எனக்குப் பக்கத்தில் நின்றாள். கோப்பையை நீட்டினாள்.

"நொந்ததோ அண்ணை? செடில் குத்தேக்கை?"

"ஓம். நொந்தது."

அவள் தலையாட்டினாள். 

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வாட்டின் நடுவில் போய் நின்றேன். எல்லோரும் பார்த்தார்கள். சேர்ட்டைக் கழற்றி முதுகைக் காட்டினேன். நடந்ததைச் சொன்னேன். மூன்று நிமிடம்கூட இருக்காது. நேர்த்தி வைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. இரத்தம் கொடுக்கிறவர்கள் அந்தக் கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள் என்றேன்.  சேர்ட்டைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை தர்சிகாவின் இரத்தம் ஆறுக்கு ஏறியிருந்தது. டொக்டரின் அறை வாசலில் மூன்று தகப்பன்மார் நின்றார்கள். மூன்று பேரும் அந்த வருடம் செடில் காவடி எடுத்தவர்கள். ஒருவர் போன கிழமைதான் இரத்தம் கொடுத்திருந்தார். அவருடைய பை இரத்த வங்கியின் குளிர்ப்பெட்டியில் இருந்தது. பத்து மணிக்கு முன் அதை யாருக்கும் ஏற்றாதபடி வெளியே எடுத்துவிட்டார்கள்.